கடைசியாக என்ன வாங்கினீர்கள்

ஜீவனஹள்ளியில் எங்கள் குறுக்குத் தெருவில் எட்டு வீடுகள். எட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாயின்ட்ஸ் கார்டு. மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில் யார் எதை வாங்கினாலும், பில் போடுகிற பெண் நம்பர் கேட்டதும் பத்து இலக்கத்தையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவோம். அது யூனிஸ் வீட்டு நம்பர். கட்டின புருஷனின் நம்பரைத் தடுமாறாமல் சொல்லத் தெரியாத பெண்களுக்குக்கூட அது மனப்பாடம். வருஷம் முழுக்கச் சேரும் பாயின்ட்டுக்கு ஆகஸ்ட் கடைசியில் அரிசியும் எண்ணெயும் எடுப்போம். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு சிவாஜிநகர் நடந்து போகிறவர்களுக்கு எலுமிச்சை சாதம் கொடுப்போம். நான் இந்து, ஆனாலும் கிளறுகிறவள் நான்தான். கோயில் பாடகர் குழு வின்சென்ட் மாஸ்டர் கிளறினால் அடிப்பிடிக்கும். கேட்டால் ஆண்டவரின் சித்தம் என்பார்.

யூனிஸ் எனக்கு எதிர் வீடு, முதல் மாடி. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் கூடம் தெரியும். வேண்டுமென்று பார்ப்பதில்லை, ஜன்னலை அப்படி வைத்துக் கட்டிவிட்டார்கள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் ஆண்டனி போய் ஆறு வருஷம் ஆகிறது. தங்கவயலில் பிறந்தவள், இங்கே வந்து கார்மென்ட்ஸில் இருபத்தேழு வருஷம் க்வாலிட்டி செக்கிங் பார்த்தாள். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வைக்கு ஓய்வு கொடுக்கவில்லை. நான் கொடுத்தனுப்பும் சாம்பாரையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள்.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் ஷெர்வின் வந்திருந்தான். சர்ஜாபூர் ரோட்டில் பதினாலாவது மாடியில் குடியிருக்கிறான், ஐடி வேலை. அவள் இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்க நான் படியேறினேன். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்ததால் மரியாதைக்காக மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன்.

"மம்மி, இந்த மாசம் இது நாலாவது தடவ. நான் மீட்டிங்ல இருப்பேன், நீ போன் பண்ணுவ. கண்ணாடிக் கடைக்கு ஓடிபி, செருப்புக் கடைக்கு ஓடிபி."

"எல்லா கார்டையும் உன் நம்பர்ல எடுத்துக் குடுத்தது யாரு?"

"அப்ப உங்கிட்ட போன் இல்ல, எடுத்தேன். இப்ப ரெண்டு வருஷமா போன் இருக்கு, இன்னும் என்னத்தான் கூப்பிடுற. தனியா உன்னால முடியல மம்மி. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்கூட வந்துடு."

"முடியலன்னு யாரு சொன்னது?"

நான் பானையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"சரி, ஆகஸ்ட் ஒரு மாசம் பாக்கலாம். ஒரு ஓடிபிக்குக்கூட நீ என்னக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா செப்டம்பர்ல பேக்கிங்."

"கூப்பிடலன்னா?"

"அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"உங்கப்பா போட்டோவப் பாத்து சொல்லு."

"மம்மி."

"பாத்து சொல்லுடா."

சொன்னான். அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தான். அலமாரியைத் திறந்து பார்த்தான். குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தான். "முந்தாநேத்து என்ன சமைச்ச மம்மி?" என்றான். "ரசம்" என்றாள். "இன்னிக்குத் தேதி என்ன?" என்றான். "இருபத்தேழு. ஏன், ஆபீஸ்ல காலண்டர் இல்லயா?" என்றாள். மாடிப்படியில் நின்றுகொண்டு அதற்கு மேல் எவ்வளவுதான் புரிந்துகொள்ள முடியும். பானையை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால் யூனிஸ் மேஜை மேல் பதினோரு கார்டைப் பரப்பி வைத்திருக்கிறாள். மருந்துக் கடை, கண்ணாடிக் கடை, செருப்புக் கடை, ஜவுளிக் கடை என்று ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த கட்டு. எல்லாக் கடைக் கார்டையும் போனுக்குள் வைத்துக்கொள்ள ஒரு ஆப் இருக்கிறதாம், கேமராவால் கார்டிலுள்ள கறுப்புக் கோடுகளைப் படம் பிடித்தால் போதுமாம். போன வாரம் செருப்புக் கடையில் முன்னால் நின்ற ஒருத்தி அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறாள். அவளிடம் ஆப் பேரை மட்டும் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

கார்டுக்கு மேலே போனைப் பிடித்தால் அவள் தலை நிழல் கார்டில் விழுந்தது. ஜன்னல் பக்கம் வந்தால் பிளாஸ்டிக் பளபளத்தது. கடைசியில் கார்டைச் சுவரில் சாய்த்து வைத்து, முட்டிபோட்டு, மூச்சை அடக்கிப் பிடித்தாள். ஒரு 'டிங்'. பிறகு இன்னொரு 'டிங்'. மருந்துக் கடைக் கார்டு பர்ஸில் தேய்ந்து கோடெல்லாம் அழிந்திருந்தது. அதன் நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். பதினாறு இலக்கம், இரண்டு முறை தப்பானது. மூன்றாம் முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த வாரமே ஒவ்வொரு கடையாகப் போய்ச் சோதித்தாள். துணைக்கு நானும் போனேன், எனக்கும் வேறு வேலையில்லை. கண்ணாடிக் கடையில் நம்பர் மாற்ற ஆதார் கேட்டார்கள், நீட்டினாள். செருப்புக் கடையில் "நாளைக்கு வாங்க" என்றார்கள், மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். மருந்துக் கடையில் மெஷின் அவள் போனைப் படிக்கவேயில்லை. போன் மேல் ஒட்டின கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது என்றான் கடைக்காரன். வரிசையில் பின்னால் ஏழு பேர் நிற்க, நகத்தால் நெம்பி அதை உரித்து அவன் மேஜையிலேயே போட்டாள்.

"இப்ப அடி" என்றாள். அடித்தான், படித்தது.

பத்து கார்டு முடிந்தது. மிச்சம் இருந்தது சூப்பர் மார்க்கெட் கார்டு, அதாவது எங்கள் தெருவின் கார்டு.

நம்பர் சொன்னால் பாயின்ட் ஏறும், ஆனால் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதை எடுக்கப் பிளாஸ்டிக் கார்டு செல்லாது, போனில் இருக்க வேண்டும், ஒரே ஒரு தடவை ஓடிபி போட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று அங்கே போர்டு வைத்திருந்தார்கள். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை போனோம். உதவி மேஜையில் ரக்ஷா என்று ஒரு பெண். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள்.

"ஆன்ட்டி, ஓடிபி ஹோகிதெ. வந்துச்சா பாருங்க."

"எனக்கு வராது. என் மகன் நம்பருக்குப் போயிருக்கும்."

"சரி, மகனுக்குக் கால் பண்ணிக் கேளுங்க."

யூனிஸ் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "மாடல்ல" என்றாள். பண்ண மாட்டேன் என்பதை, ரக்ஷாவுக்குப் புரியட்டும் என்று கன்னடத்திலேயே.

மேனேஜர் ஆராவமுதன் வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர், நெற்றியில் மெலிசாக ஒரு ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் பேனா. "அந்த நம்பர் போன் கையில இல்லேன்னா வேற வழி இருக்கும்மா. ஆதார் குடுங்கோ, நம்பரை மாத்திடலாம். ஆனா கார்டு உங்களுதுதான்னு நாங்க உறுதி பண்ணிக்கணும். கடைசி மூணு பில்லுல என்ன வாங்கினேள்னு சொல்லணும். ரெண்டு சான்ஸ்தான், அப்புறம் கார்டு தானா லாக் ஆயிடும்."

"இதென்ன பெரிய கஷ்டம்" என்றாள் யூனிஸ். "ராகி மாவு அரைக் கிலோ, ஒரு தேங்கா, குளியல் சோப்பு."

ரக்ஷா ஸ்கிரீனைப் பார்த்தாள். கீழே தள்ளினாள். இன்னும் கீழே தள்ளினாள். "அது இருக்கு ஆன்ட்டி. பத்தொம்பது பில்லுக்கு முன்னாடி." பிறகு குரலைத் தணித்தாள். "ஆன்ட்டி, உங்க வீட்ல நாய் இருக்கா?"

"எந்த நாய்?"

"கைக்குழந்தை? ஒரே நாள்ல பதினோரு பாக்கெட் பாலு போட்டிருக்கு."

ரக்ஷா பாவம், சமாதானமாகப் பேசுவதாக நினைத்து, "மார்ச்லேந்து பேப்பர் பில் இல்லல்ல, எல்லா பில்லும் அந்த நம்பருக்கேதான் போகுது. மகன்கிட்ட வாங்கிப் பாத்துட்டு வாங்க" என்றாள். ஒரு வாய்ப்பு போனது.

யூனிஸ் பக்கத்தில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன், எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"மகா, அவன் கட்டிலுக்கடியில நாயத் தேடியிருக்கான்."

"யாரு?"

"ஷெர்வின். அஞ்சு மாசமா எட்டு வீட்டு பில்லும் அவனுக்குப் போயிருக்கு. ஒரே நாள்ல பதினோரு பாக்கெட் பாலு. நாய்க்குத் தீனி. குழந்தைக்கு டயப்பர். எல்லாம் நான் வாங்கினேன்னு பாத்துக்கிட்டிருக்கான். அம்மாவுக்குப் புத்தி தப்பிடுச்சுன்னு முடிவு கட்டித்தான் கூப்பிடுறான். ஓடிபி சும்மா சாக்கு."

"அட, ஒரு போன் போட்டுச் சொன்னா தீந்துச்சு."

"சொன்னா? புத்தி தப்பின ஒருத்தி, 'எனக்கு ஒண்ணுமில்லடா, தெருவே என் பேர்ல சாமான் வாங்குது'ன்னு சொன்னா நீ நம்புவியா?"

யோசித்துப் பார்த்தேன். நம்ப மாட்டேன். அதையும் நாலு பேரிடம் சொல்லியும் இருப்பேன்.

"முதல்ல நான்தான் நான்னு இந்தக் கடை ஒத்துக்கணும்" என்று எழுந்தாள். "அப்புறம் அவன்."

திங்கட்கிழமை வரை அந்த நம்பரை யாரும் சொல்லக் கூடாது என்று எட்டு வீட்டுக்கும் உத்தரவு போனது. ஞாயிறு பூசை முடிந்ததும் நோட்டும் சிவப்புப் பேனாவுமாக யூனிஸ் வீடு வீடாக ஏறினாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளில் கடைக்குப் போனது மூன்றே பேர் என்று விசாரித்ததில் தெரிந்தது. வின்சென்ட் மாஸ்டர், ஹெலன், நான்.

வின்சென்ட் மாஸ்டருக்கு அறுபத்தாறு வயது, தலை மட்டும் காக்காய்ச் சிறகு. எங்கள் பரம்பரைக்கே நரைக்காது என்பது அவர் பல்லவி.

"சோப்பு வாங்கினேன்" என்றார்.

"மாஸ்டர், தப்பா சொன்னா கார்டு லாக் ஆயிடும். மாதா சாப்பாட்டு அரிசியும் அதுலதான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "இந்தம்மாவ கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லு." நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது.

"நேச்சுரல் பிளாக். ரெண்டு டப்பா."

ஹெலனும் லேசில் பிடி கொடுக்கவில்லை. தெருநாய்களைப் பிடித்துப் போகச் சொல்லி கார்ப்பரேஷனுக்கு மூன்று மனு போட்டவள் அவள். அதில் ஒன்றில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"நாய்த் தீனி நீதானா?" என்றாள் யூனிஸ்.

"ரொம்பக் கொலைக்குதுன்னுதான் எழுதினேன். பட்டினி போடுங்கன்னு எழுதலையே" என்று கதவைச் சாத்திக்கொண்டாள் ஹெலன்.

கடைசியாக என் பக்கம் திரும்பினாள். "மகா, வியாழக்கிழமை நீ என்ன வாங்கின?"

"உப்பு. தீப்பெட்டி."

"வேற?"

"வேற என்ன வாங்கப் போறேன்."

எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வரமகாலக்ஷ்மி நோன்பு. வருஷா வருஷம் அன்றைக்கு எட்டு வீட்டுக்கும் நான் கோடுபளே கொடுப்பேன். கன்னடத்துக்காரர்களின் கார வளையம், நம் முறுக்குக்குச் சித்தப்பா மகன் மாதிரி. என் கை கோடுபளேக்கு ஜீவனஹள்ளியிலேயே பேர். மாவில் காய்ச்சின எண்ணெயை ஊற்றிப் பிசைவதுதான் ரகசியம் என்று கேட்டவருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். மூட்டுவலி வந்து மூன்று வருஷமாக ரகசியம் என்னவென்றால், ஐந்து பாக்கெட் வாங்கி எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, அடுப்பில் ஒரு சூடு காட்டிவிடுவது. இந்த முறை யூனிஸே கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு மகா" என்றாள். இருபத்தேழு வருஷத்து க்வாலிட்டி செக்கிங் பாஸ் பண்ணின சரக்கை நானே எப்படித் திருப்பி எடுப்பது? உப்பும் தீப்பெட்டியும் போதும், யாராவது அதற்கு மேல் கேட்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் உதவி மேஜை முன் நின்றோம். ஆராவமுதனும் வந்து நின்றார்.

"வெள்ளி சாயந்தரம் பில்?"

"தலைச்சாயம், நேச்சுரல் பிளாக், ரெண்டு டப்பா."

"சரி. வெள்ளி காலைல?"

"நாய்த் தீனி, மூணு கிலோ பை."

"சரி ஆன்ட்டி. வியாழக்கிழமை, பதினொண்ணு இருபது?"

"உப்பு, தீப்பெட்டி."

ரக்ஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது இருக்கு. இன்னொண்ணும் இருக்கு ஆன்ட்டி, பெரிய ஐட்டம். அதச் சொல்லணும்."

யூனிஸ் நோட்டைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. ஆராவமுதன் கடிகாரத்தைப் பார்த்து, "ஞாபகம் இல்லேன்னா பரவாயில்லைம்மா, வயசாறது எல்லாருக்கும் சகஜம்தானே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையில் யூனிஸின் தாடை இறுகியதை நான் பார்த்தேன். அவள் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற பார்வை.

நான் தள்ளுபடி போர்டைப் படித்தேன். துவரம் பருப்பு விலை குறைந்திருந்தது. வரிசையில் எங்கள் தெருக் கிருஷ்ணம்மாள் நின்றிருந்தாள். எனக்கு அடுத்தபடி தெருவில் வாய் உள்ளவள் அவள்தான், போன தீபாவளிக்குக் கோடுபளே பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டு போனவளும் அவள்தான். ஊரார் சங்கதியை எட்டு வீட்டுக்கும் கொண்டு சேர்த்திருக்கிறேன். என் சங்கதியை ஒரு வீட்டுக்கும் கொண்டுபோனதில்லை.

யூனிஸ் கெஞ்சவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அந்த எதிர் ஜன்னலில் வேறு யாரோ வாடகைக்கு வந்து திரை போட்டு மறைத்துக்கொள்வது மனசில் ஓடியது.

"கோடுபளே" என்றேன். "அஞ்சு பாக்கெட்."

"கரெக்ட்" என்றாள் ரக்ஷா.

பின்னால் கிருஷ்ணம்மாள், "ஓஹோ" என்றாள். நீளமாக.

ஆராவமுதன் பேனாவை உயர்த்தினார். "கார்டு வெச்சிருக்கறவாதான் சொல்லணும்."

"கோடுபளே, அஞ்சு பாக்கெட்" என்றாள் யூனிஸ், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "இப்ப நான் சொல்லிட்டேன் சார். அப்புறம்?"

இதற்கு எதிராக ஏதாவது விதி இருக்கிறதா என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். இல்லை போலிருக்கிறது, கையெழுத்துப் போட்டார். யூனிஸின் போன் அதிர்ந்தது. ஆறு இலக்கத்தையும், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தாள். அவள் பேர் ஸ்கிரீனில் வந்தது. கீழே கோடு கோடாகக் கார்டு. அதற்கும் கீழே மார்ச்சிலிருந்து எட்டு வீட்டு பில்.

வழியெல்லாம் அவள் கோடுபளே பற்றிப் பேசவில்லை. வீட்டுக்குப் போய் மத்தியானம் முழுக்க போனையும் நோட்டையும் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். யார் வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்று ஐந்து மாசத்துத் தகவல். இப்படி ஒரு பொக்கிஷம் என் கைக்கல்லவா வந்திருக்க வேண்டும். வாயே திறக்காத ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்தது.

சாயந்தரம் ஆறு மணிக்கு ஷெர்வின் காரை நிறுத்திவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறினான். நான் ஜன்னலில் இருந்தேன்.

"மகா, வா" என்று யூனிஸ் குரல் கொடுத்தாள். "சாட்சி வேணும்."

இப்படி முறையாக அழைக்கப்பட்டு அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மம்மி, உன் கார்ட யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்றான் மூச்சிரைக்க. "என் நம்பர எடுத்துட்டதா மெசேஜ் வந்துது."

"நான்தான் எடுத்தேன். உக்காரு." நோட்டை அவன் முன்னால் தள்ளினாள். ஒவ்வொரு பில்லுக்கும் நேராக ஒரு வீட்டுப் பேர். எட்டு வீடும் ஒரே நம்பரைச் சொல்லும் வழக்கத்தையும், எலுமிச்சை சாதத்தையும் நான் விளக்கினேன். சாட்சி என்றால் பேச வேண்டுமல்லவா.

அவன் விரல் வைத்துப் படித்தான். "பதினோரு பாக்கெட் பாலு?"

"எட்டு வீடுடா."

"டயப்பர்?"

"மூணாம் வீட்டு க்ளென். பொண்ணு பொறந்திருக்கு."

"நாய்த் தீனி?"

"ஹெலன்."

"ஹெலன் ஆன்ட்டியா?" அதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. நோட்டை மூடி வைத்தான். கொஞ்ச நேரம் அதன் அட்டையையே தடவிக்கொண்டிருந்தான். "பதினெட்டாம் தேதிக்கு நரம்பு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கி வெச்சிருக்கேன் மம்மி. உனக்குத் தெரியாம."

"கேட்டிருக்கலாமில்ல?"

"இத எப்படிக் கேக்குறது?"

"'மம்மி, நாய் வளக்குறியா'ன்னு கேக்குறது."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சனிக்கிழமை ஓடிபி வந்துச்சு. நீ கூப்பிடுவன்னு போனக் கையிலயே வெச்சிருந்தேன். கூப்பிடல. அது இன்னும் பயமாப் போச்சு."

"கூப்பிடக் கூடாதுன்னு சொன்னது நீ."

"பில் வந்துட்டே இருந்தா நீ நடமாடிட்டு இருக்கன்னாவது தெரியும். இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

யூனிஸ் எழுந்து காபிக்குப் பாலை வைத்தாள். திரும்பாமலே சொன்னாள். "ஆகஸ்ட் முடிய இன்னும் இருவது நாள் இருக்கு. நான் உன்னக் கூப்பிட மாட்டேன். பேசினது பேசினதுதான். நீ என்னக் கூப்பிடலாம், அதுக்கு நீ ஒண்ணும் ரூல் போடல."

"போடல" என்றான்.

"டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடு."

"சொல்லிடுறேன்."

"வீட்டப் பத்தி?"

அவன் அப்பா போட்டோவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். "அந்தப் பேச்சு இல்ல மம்மி" என்றான்.

காபி குடித்துவிட்டு இறங்கினான். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலில் நின்றோம். கார் மெயின் ரோட்டில் ஏற வழி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தபோதே யூனிஸின் போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் எடுத்தாள்.

"என்னடா, இப்பத்தானே போன? ம். சாப்பிடுவேன். கதவெல்லாம் பூட்டுவேன். நாளைக்கு பத்து மணிக்கு மேல கூப்பிடு. அதுக்கு முன்னாடி நான் கடையில இருப்பேன்."